எழுவாய் இல்லாத எச்சில்

“துப்புத் துலக்குறதுன்னு சொல்வாங்க. அது இவ்ளோ நேரடியா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல மேடம்,” என்றான் சாய்.

தங்கேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. நவம்பர் மாத ஒஸ்லோவில் மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் பொழுது இருண்டுவிடும். மழையா பனியா என்று முடிவுக்கு வராத ஏதோ ஒன்று காலையிலிருந்து கார்க் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவளுடைய முழங்கால் அதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்டது. வலிப்பது என்று.

பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று இருபது வருஷத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அவள். இரண்டு பக்கத்தார் சொல்லும் பொய்யையும் தன் வாயாலேயே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒஸ்லோவின் குறொன்லாந்துப் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பொய் குறையவில்லை. இப்போது ஒரு தடவை கேட்டால் போதும், திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாய் திருச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவனைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை கார் ஓட்டுகிறேன் என்று வந்தான். அந்த அடுத்த வேலை இன்னும் அடுத்ததாகவே இருக்கிறது. ‘மேடம்’ என்று கூப்பிடாதே என்று அவள் சொல்லாத நாளில்லை, அவன் கூப்பிடாத நாளும் இல்லை.

வழக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. கொண்டுவந்தவன் றஜீவ், தூரத்து மேற்குக் கரை நகரமான ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனி இஞ்சினியர். கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறுக்கு ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டில். அவனுடைய தாய் மங்களேஸ்வரிக்குக் கொஞ்ச நாளாகவே முகம் ஊதி வட்டமாகிவிட்டது. மேசையில் கை தட்டினாலும் கண்டிப்போகிறது. பிரஷர் இறங்கமாட்டேன் என்கிறது. உடம்பு கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறதோ என்று டொக்டருக்குச் சந்தேகம். அடுத்தடுத்த இரண்டு இரவு, படுக்கப் போகுமுன் ஒரு பஞ்சுருளையைச் சப்பி, இரவுக்கொரு போத்தலாக மூடி அனுப்பச் சொன்னார்.

முடிவு வந்தது. இரண்டாம் போத்தலில் கோர்ட்டிசோல் எக்கச்சக்கம். முதலாம் போத்தலில் அது ஒழுங்கான அளவு. ஆனால் அந்த முதலாம் போத்தலில் வேறொன்றும் இருந்தது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு வருகிற அளவில் புரோஜெஸ்டரோன். மங்களேஸ்வரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரி, தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை வைத்து அவளிடம் கேட்டது. இரண்டையும் நான் கொடுத்தேன் என்று பதில் வந்தது. அப்படியென்றால் ஆய்வுகூடத்தில்தான் போத்தல் மாறியிருக்கவேண்டும். போத்தல்களை வாங்கி ஒட்டுத்தாள் ஒட்டியது ஆரபி என்ற பெண். அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்குக் காலையில் கூட்டம். அதோடு வேலை போகும்.

“அந்தப் பிள்ளை இனி ஆரின்ரை துப்பலையும் தொடக்கூடாது. எனக்கு ஆதாரம் வேணும் அக்கா,” என்று றஜீவ் கையை ஓங்கி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஆரபி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் காத்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. அழுது முடித்துவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது.

“நோயாளி சம்மதிச்சு வச்ச கையெழுத்து உங்களிட்டை இருக்கு, அதாலைதான் கதைக்கிறன் அன்ரி,” என்றாள். “பழைய முறையிலை ஒரு ஹோர்மோனை மற்றதெண்டு மாறி நினைக்க ஏலும். சட்டையைப் பாத்து ஆளைச் சொல்லுற மாதிரி. எங்கடை மெஷின் அப்பிடியில்லை. ஒவ்வொரு மூலக்கூறையும் நிறுக்கும். பிறகு உடைக்கும். உடைஞ்ச துண்டையும் நிறுக்கும்.”

“அதுக்கு என்ன பேரு?” என்றான் சாய்.

“திணிவு நிறமாலைமானி எண்டு அப்பா சொல்லுவார்.”

“பேரைச் சொல்றதுக்குள்ளயே எச்சில் வத்திரும் போலிருக்கே.”

சாய் சட்டைப் பையிலிருந்து லக்ரிஸ் என்ற உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். இந்த நாட்டில் அவனுக்குப் பிடித்துப்போன ஒரே பண்டம் அதுதான்.

“சோதனைக்கு முதல் அதைச் சாப்பிட்டால் கோர்ட்டிசோல் கணக்கு மாறிப்போகும்,” என்றாள் ஆரபி.

சாய் சப்புவதை நிறுத்தினான். “அப்போ அந்த அம்மாவும் இதைத்தான்...”

“லக்ரிஸ் சாப்பிட்டு ஒருத்தரும் கர்ப்பமாகேல்லை அண்ணா.”

தங்கேஸ்வரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள், “டொக்டர் கேட்டது கோர்ட்டிசோல் மட்டும்தானே. மற்றது எப்பிடித் தெரிஞ்சது?”

“ஒரே ஓட்டத்திலை மெஷின் கன ஸ்டெரொயிட் ஹோர்மோனைச் சேர்த்துப் பாக்கும். நாங்கள் கேட்டாலும் கேக்காட்டிலும். அப்பதான் புரோஜெஸ்டரோன் நிண்டது. அதுவும் புதுக் கர்ப்பம் இல்லை அன்ரி. மூண்டு மாசம் தாண்டின ஆக்களுக்கு வாற அளவு.”

“அண்டைக்கு வந்த மற்றப் போத்தலுகளிலை கர்ப்பிணி ஆரும்?”

“ஒருத்தரும் இல்லை. அதைத்தான் நான் சொல்லிச் சொல்லிப் பாத்தன். அப்ப இது எங்கையிருந்து வந்தது எண்டு கேட்டினம். கேட்டுப்போட்டு எல்லாரும் என்ரை வயித்தைப் பாத்தினம்.” அவள் மேசையிலிருந்த கடதாசித் துடைப்பானைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். “என்ரை துப்பலையும் மெஷினுக்குள்ளை விட்டுக் காட்டினன். நான் இல்லை எண்டு தெரிஞ்ச பிறகும் எங்கடை மேலதிகாரி, ஷெஃப், நம்பேல்லை. நோயாளி தான் குடுத்தது எண்டு சொல்லுறா, நோயாளி ஏன் பொய் சொல்லவேணும் எண்டு கேக்கிறா. எனக்கு இந்த வேலை மட்டும்தான் தெரியும் அன்ரி.”

ஷெஃபின் கைத்தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு தங்கேஸ்வரி எழுந்தாள். முழங்கால் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

எல்லிங்ஸ்ருட்டில் அந்தத் தொடர்மாடி மலைச்சரிவோடு ஒட்டி நின்றது. கதவைத் திறந்தது றஜீவ். இதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வீட்டுக்குள் வெக்கை அடித்தது.

மங்களேஸ்வரி சோபாவில் தலையணைக்கு நடுவே இருந்தாள். வட்ட முகத்தில் திருநீறு பளிச்சென்று இருந்தது. நல்ல மனுஷி என்று தங்கேஸ்வரிக்கு உடனே பட்டது. நல்ல மனுஷர்களிடம் உண்மையைக் கறப்பதுதான் கஷ்டம். கெட்டவர்களுக்குத் தாங்கள் எதை மறைக்கிறோம் என்றாவது தெரியும்.

“முதல் நாள் நடந்ததைச் சொல்லுங்கோ அக்கா.”

“என்னத்தைச் சொல்ல? அண்டைக்குக் கந்தசஷ்டி கடைசி நாள். ஐஞ்சு நாளும் பாலும் பழமும். கடைசி நாள் பச்சைத் தண்ணியும் பல்லிலை படேல்லை. சூரன்போர் பாத்திட்டுக் கோயிலாலை வர எனக்குச் சீவனில்லை. படுக்க முதல் அந்தப் பஞ்சைச் சப்பிக் குடுத்தாச்சு.”

“இந்த வருத்தத்தோடை விரதமோ? டொக்டர் ஏசேல்லையோ?”

“அவருக்குச் சொன்னால்தானே ஏசுறதுக்கு!”

“அடுத்த நாள்?”

“விடியப் பாறணை முடிச்சு நல்லாச் சாப்பிட்டனான். படுக்க முதல் பஞ்சைச் சப்பி, மூடியையும் இறுக்கி, குடுத்தனான்.”

“ஆஸ்பத்திரியாலை கேட்டதுக்கு என்ன சொன்னீங்கள்?”

“ரெண்டும் குடுத்தாச்சு எண்டனான். ஃபோனிலை ஒரு தமிழ்ப் பெடியன் கேட்டவன். மரியாதையான பெடியன்.”

“கேட்டியளோ?” என்றான் றஜீவ். “அம்மா ரெண்டு தரம் சொல்லியாச்சு. பிழை லாப்பிலைதான்.”

மருமகள் சுஜானி தேத்தண்ணியும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயது மட்டில் இருக்கும். ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்த அந்த வெக்கையில் அவள் மட்டும் தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். வைத்ததும் குசினிக்குள் போய்விட்டாள்.

“பாவம் அவள்,” என்றாள் மங்களேஸ்வரி, குரலைத் தணித்து. “வருசாவருசம் அவளும் என்னோடை சஷ்டி பிடிக்கிறவள். பிள்ளை வேணுமெண்டு. இந்தமுறை ஏலாதெண்டிட்டாள். முருகனோடை கோவமாக்கும். அதாலை அவளுக்கும் சேர்த்து நான் கடுமையாப் பிடிச்சனான்.”

“உங்களுக்கு விசர் அம்மா,” என்று றஜீவ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நான் அந்தக் கிழமை ஸ்தவாங்கரிலை நிண்டனான். இல்லாட்டி ரெண்டு பேரையும் பிடிச்சுச் சாப்பிட வச்சிருப்பன்.”

மிக்சர் நன்றாக இருந்தது. மற்றபடி வந்தது வீண் என்று தங்கேஸ்வரி நினைத்தாள். நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளை தனியாகப் போய்க் கூட்டத்தில் இருக்கப்போகிறது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியதும் சாய் வாயைத் திறந்தான். அவனால் ஒரு மாடிக்கு மேல் சும்மா இருக்க முடியாது.

“உங்க தமிழ்ல எனக்குப் புடிச்சதே அந்த வால்தான் மேடம். வந்தனான், போனனான், சாப்பிட்டனான். எதைச் செஞ்சாலும் கடைசில ஒரு ‘நான்’ வந்து ஒட்டிக்குது. எங்க ஊர் அரசியல்வாதிகூட மேடையில இத்தனை ‘நான்’ போட மாட்டான்.”

தங்கேஸ்வரி அவனை வெறித்துப் பார்த்தாள். லிஃப்ட் நிலத்தைத் தொட்டது. கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை.

“சாய், ரெண்டாம் நாளைப் பற்றி அவ என்ன சொன்னவ?”

“பஞ்சைச் சப்பி, குடுத்தனான்னாங்க.”

“முதல் நாளைப் பற்றி?”

“குடுத்தாச்சுன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?”

“ரெண்டும் ஒண்டோ? குடுத்தாச்சு எண்டால் அந்த வேலை முடிஞ்சுது. ஆர் முடிச்சது எண்டு அதுக்குள்ளை ஒரு சொல்லும் இல்லை. சாப்பிட்டனான் எண்டு சொன்னவ, எண்டனான் எண்டு சொன்னவ, விரதத்தைக்கூடப் பிடிச்சனான் எண்டு சொன்னவ. அந்த ஒரு துப்பலுக்கு மட்டும் வாலைக் காணேல்லை.” அவள் மூச்சு விட்டாள். “நோர்வே மொழியிலை ஆளில்லாமல் அப்பிடி ஒரு வசனம் லேசிலை நிக்காது. ஃபோனிலை கேட்ட பெடியன் ஒரு ‘நான்’ஐத் தன்ரை பாட்டிலை சேர்த்திருப்பான். பிழை சொல்ல ஏலாது, எல்லா மொழிபெயர்ப்பாளரும் அப்பிடித்தான் செய்யிறவை.”

மூடப்போன லிஃப்ட் கதவைச் சாய் கையால் தடுத்துப் பிடித்தான்.

“அதைவிட, பச்சைத் தண்ணியும் படாத பல்லிலை பஞ்சு எப்பிடிப் பட்டது? எச்சில்கூட விழுங்கக் கூடாதெண்டு அண்டைக்குத் துப்பிக்கொண்டு திரியிற சனம் எங்கடை சனம். ஆஸ்பத்திரிப் பஞ்சைச் சப்புமோ?”

“அப்போ யாரு சப்பினாங்க?”

“மகன் ஸ்தவாங்கரிலை. அண்டைக்கு அந்த வீட்டிலை விரதம் பிடிக்காதது ஆர்?”

சாய் யோசித்தான். கம்பளிச் சட்டை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். “மூணு மாசம் தாண்டி...” என்று ஆரம்பித்தான்.

“வாயை மூடும். இப்ப உமக்கு அதுதான் வேலை,” என்று சொல்லி அவள் திரும்பவும் மேலே போகும் பொத்தானை அழுத்தினாள். “மற்ற வேலை, கார் சார்ஜ் பண்ணுற இடம் தெரியேல்லை எண்டு சொல்லி றஜீவைக் கீழை கூட்டிக்கொண்டு போறது.”

“சார்ஜ் எழுபது பர்சென்ட் இருக்கே மேடம்.”

“இல்லை எண்டு சொல்லும்.”

றஜீவ் முணுமுணுத்துக்கொண்டே சப்பாத்தைக் கொளுவினான். கதவு சாத்துப்பட்டதும் தங்கேஸ்வரி மங்களேஸ்வரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, முதல் நாள் பஞ்சைச் சப்பினது ஆர்?”

“சுஜானி,” என்றாள் மங்களேஸ்வரி உடனே. “ஏன் பிள்ளை?”

ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. கேட்டதும் சொல்லிவிட்டாள். இத்தனை பேர் இத்தனை நாளாக மெஷினையும் ஒட்டுத்தாளையும் ஒரு பெண்ணின் வயிற்றையும் பார்த்தார்களே தவிர, ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தங்கேஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை, சலிப்புத்தான் வந்தது.

“விரதத்திலை கண்டதையும் வாயிலை வைக்கேலுமே? துப்பல்தானே. ஒரே சட்டியிலை சமைச்சு ஒரே சோறு தின்னுறம், துப்பல் மட்டும் வேறயாவோ இருக்கப்போகுது எண்டு நினைச்சன். ஃபோனிலை கேட்ட பெடியனும் குடுத்ததோ எண்டுதான் கேட்டவன். ஆர் சப்பினது எண்டு கேக்கேல்லை.”

“அது சரி அக்கா,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போனாள்.

சுஜானி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒன்றும் கழுவாமல் நின்றாள். தங்கேஸ்வரி குழாயை மூடினாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, சுஜானியே தொடங்கினாள்.

“எனக்குத் தெரியும் அக்கா. முடிவு வந்த அண்டைக்கே தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“அவர்தான்.”

தங்கேஸ்வரி திடுக்கிட்டாள். றஜீவுக்குத் தெரியுமா?

“அவருக்குத் தெரியாது. கடிதத்தை வாசிச்சுப்போட்டு அவர் வீடு அதிரக் கத்தினார். ஆரோ ஒரு கர்ப்பிணியின்ரை துப்பலை அம்மான்ரை எண்டு எழுதியிருக்கிறாளவை எண்டு. மாமி அப்ப கோயிலிலை, அவவுக்கு லாப்பிலை பிழை எண்டு மட்டும்தான் சொன்னவர். அவர் கத்தினது எனக்கு மட்டும் வாழ்த்துச் சொன்ன மாதிரிக் கேட்டுது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு தரம் கலைஞ்சு போனது அக்கா. ரெண்டு தரமும் எல்லாருக்கும் சொல்லி, சந்தோசப்பட்ட பிறகுதான் போனது. இந்தமுறை நான் சோதிக்கவேயில்லை. சந்தேகம் இருந்தது. எனக்கே நான் சொல்லேல்லை. பட்டினி கிடக்கக் கூடாதெண்டு விரதத்தை மட்டும் விட்டனான். மாமி பஞ்சைத் தந்து சப்பச் சொல்ல, விரதமும் பிடிக்காதவள் இதையாவது செய்வம் எண்டு சப்பினனான்.”

“அந்த லாப்பிலை இருக்கிற பிள்ளை?”

“தெரியும். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைக்கிறன். வாயைத் திறந்தால் இதுவும் போயிடும் எண்டு பயமாக் கிடக்கு.”

தங்கேஸ்வரி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது உடம்பு முழுக்க வலித்தது. அறிக்கை எழுதி றஜீவின் கையில் கொடுத்துவிட்டால் வழக்கு முடியும். ஆரபிக்கு வேலை திரும்பக் கிடைக்கும். ஆனால் இந்தப் பிள்ளையின் சேதி, புருஷனுக்கு ஒரு துப்பறியும் அலுவலகத்தின் கடதாசியில் போய்ச் சேரும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நான் வைத்தியம் தெரிஞ்சவள் இல்லை,” என்றாள். “அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும் சொல்லுறன். இது மூண்டு மாசம் தாண்டினவைக்கு வாற அளவாம். முந்தி ரெண்டும் எப்ப போனது?”

சுஜானி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “மூண்டு வர முதல்,” என்றாள். சொல்லும்போதே அவளுடைய கை தானாகக் கம்பளிச் சட்டைக்கு மேலே போனது.

“அப்ப அந்த வாசல் தாண்டியாச்சு. இன்னொண்டு. ரெண்டாம் போத்தல் உம்மடை மாமியின்ரை உண்மையான துப்பல். அவவுக்கு வருத்தம் இருக்கு. உம்மடை போத்தல் ஒழுங்கா இருந்ததாலை டொக்டர்மார் குழம்பிப்போய் நிக்கினம், வைத்தியம் பிந்துது. நாளைக்கு விடிய அந்தப் பிள்ளைக்கு வேலை போகுது. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். மற்றவையின்ரை கதையைச் சொல்லி எனக்கு வாய் உளைஞ்சு போச்சு. நீர் சொன்னால், பக்கத்திலை இருந்து நோர்வே மொழியிலை மாத்திச் சொல்லுவன். அவ்வளவுதான்.”

சுஜானி கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள். “நம்பரைச் சொல்லுங்கோ,” என்றாள்.

ஆரபியின் ஷெஃப் இரண்டாம் மணியிலேயே எடுத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கறாராக இருந்தது. தங்கேஸ்வரி விஷயத்தைச் சுருக்கிச் சொன்னதும், அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்டது. முதலாவது மாதிரியைக் கொடுத்தது யார்?

கேள்வியைத் தங்கேஸ்வரி தமிழில் கேட்டாள். குசினி வாசலில் மங்களேஸ்வரி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிக்கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. சாய்க்கு எழுபது பர்சென்ட்டை அதற்குமேல் மறைக்க முடியவில்லை போலும்.

“நான்,” என்றாள் சுஜானி. “முதல் நாள் நான்தான் சப்பிக் குடுத்தனான். மாமி விரதம். நான் கர்ப்பமா இருக்கிறன்.”

தங்கேஸ்வரி மொழிபெயர்த்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ வசனத்துக்கு ஆளைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறாள். இதற்கு ஒரு சொல்லும் சேர்க்கத் தேவைப்படவில்லை.

மறுமுனையில் அந்தக் கறார்க் குரல் இளகியது. நாளைக்கு வந்து இன்னொரு தடவை துப்பல் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. கூட்டம் தேவையில்லை, ஆரபியை இப்போதே தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்றது. வாழ்த்துகள் என்றும் சொன்னது.

மங்களேஸ்வரி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, “முருகா, நான் கேக்க முதலே குடுத்திட்டியே,” என்று வாய்விட்டு அழுதாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் சொக்ஸுமாக றஜீவ் நின்றான். மேசை தட்டிய ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. சாய் சட்டைப் பையிலிருந்து ஒரு லக்ரிஸை எடுத்து வாயில் போட்டான்.

றஜீவ் மனைவியைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். கடைசியில் தங்கேஸ்வரியிடம் திரும்பினான்.

“அக்கா, இவள் இப்ப என்ன சொன்னவள்?”

தங்கேஸ்வரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கோட்டை எடுத்தாள்.

“தமிழிலைதானே தம்பி சொன்னவ,” என்றாள். “அவவையே கேளுங்கோ.”